கிறிஸ்துமஸ் வழக்கங்கள் பிறந்த கதை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்த் தெருக்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்குகின்றன. தேவாலய முற்றத்தில் வைக்கோல் வேய்ந்த குடில் எழுகிறது. கடை வாயிலில் பஞ்சுத் தாடியுடன் தாத்தா நிற்கிறார். இரவு நேரத்தில் கீதப் பவனி வீடுதோறும் வருகிறது. கிறிஸ்தவ நண்பர் வீட்டுப் பலகாரம் அடுத்த வீட்டுக்கும் வந்து சேர்கிறது. எச்சமயத்தைச் சேர்ந்தவராயினும் இவற்றைக் காணாத தமிழர் இலர் எனலாம். ஆனால், இவை எங்கே தோன்றின, எப்போது தோன்றின என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

இது பற்றிப் பேச்சு எழும்போது மாணவரிடையே இரண்டு கருத்துகளைக் கேட்கிறேன். "எல்லாம் பெத்லகேமிலிருந்து அப்படியே வந்தவை" என்பர் ஒரு சாரார். "எல்லாம் பழைய சூரிய வழிபாட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை, ஆகவே பொய்" என்பர் மற்றொரு சாரார். இரண்டும் எளிதான விடைகள். அறிவியல் பயிலும் மாணவன் எளிதான விடையோடு நின்றுவிடலாகாது. ஆகவே ஒவ்வொரு வழக்கத்தையும் நிறுத்தி வைத்து, "நீ பிறந்த ஊர் எது? ஆண்டு எது? உன்னைப் பெற்றவர் யார்? யாருக்காகப் பிறந்தாய்?" என்னும் நான்கு வினாக்களைக் கேட்டுப் பார்த்தேன். கிடைத்த விடைகளை இக்கட்டுரையில் தருகிறேன்.

டிசம்பர் 25 எப்படி வந்தது?

இயேசுவின் பிறப்பை மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. இரண்டிலும் நாளும் இல்லை; மாதமும் இல்லை. தொடக்க காலக் கிறிஸ்தவர் இவ்விழாவைக் கொண்டாடியதாகவும் சான்று இல்லை. பிறந்த நாளைக் கொண்டாடியவர்கள் பார்வோனையும் ஏரோதையும் போன்ற தீயவர்களே என்று 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்னும் அறிஞர் எழுதினார். அவருக்குச் சற்று முன்னர், ஏறத்தாழ கி.பி. 200இல் வாழ்ந்த அலெக்சாந்திரியா நகரத்துக் கிளமெண்ட், சிலர் மே 20ஐப் பிறந்த நாளாகக் கருதுவதாகக் குறிப்பிட்டார்.

டிசம்பர் 25 என்னும் நாள் முதன்முதலில் காணப்படுவது, கி.பி. 354இல் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி நூலில் ஆகும். அதிலுள்ள ஒரு பட்டியல் 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கருத்து. அதாவது, இயேசு பிறந்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே இந்நாள் ஏட்டில் ஏறியது.

இந்நாளை ஏன் தேர்ந்தெடுத்தனர்? இரண்டு விளக்கங்கள் உள்ளன. முதலாவது, சூரிய விளக்கம். கி.பி. 274இல் பேரரசர் அவுரேலியன் 'வெல்லற்கரிய சூரியன்' என்னும் தெய்வத்துக்கு ரோமில் கோயில் எடுப்பித்தார். மேற்கூறிய 354ஆம் ஆண்டு நூலிலேயே, மற்றொரு பக்கத்தில், டிசம்பர் 25 'வெல்லற்கரியவனின் பிறந்த நாள்' என்று குறிக்கப்பட்டுள்ளது. வடகோளத்தில் பகல் மிகக் குறுகி, மீண்டும் வளரத் தொடங்கும் நாளாக ரோமானியர் இந்நாளைக் கொண்டிருந்தனர். மக்கள் முன்பே விழாக் கொண்டாடிய நாளைத் திருச்சபை தனதாக்கிக்கொண்டது என்பது இவ்விளக்கம்.

இரண்டாவது, கணக்கு விளக்கம். இயேசு சிலுவையில் இறந்த நாள் மார்ச் 25 என மேற்கில் சிலர் கணித்தனர். அவர் கருவில் உருவான நாளும் அதுவே எனக் கொண்டனர். அதனோடு ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25 வருகிறது. கிழக்கில் ஏப்ரல் 6 எனக் கணித்தவர்களுக்கு ஜனவரி 6 கிடைத்தது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இலேயே கொண்டாடுகிறது. இவ்விரு விளக்கங்களுள் எது முந்தியது என்பதில் வரலாற்று அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 'எல்லாம் சூரிய வழிபாடே' என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறுவோர் இரண்டாவது விளக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே ஊரில் மூன்று கிறிஸ்துமஸ்

பெத்லகேம் ஊரிலேயே இவ்விழா மூன்று முறை வருகிறது என்று கூறினால் வியப்பாயிருக்கும். மேற்குச் சபையார்க்கு டிசம்பர் 25. கிழக்கு மரபுச் சபையார்க்கு ஜனவரி 7. அங்குள்ள ஆர்மீனியர்க்கு ஜனவரி 19. இதற்குக் காரணம் கருத்து வேறுபாடு மட்டுமன்று, கணிதமும் ஆகும்.

ஜூலியஸ் சீசர் வகுத்த நாட்காட்டியில் ஓராண்டு என்பது 365 நாள் 6 மணி. உண்மையில் பருவ ஆண்டு 365 நாள் 5 மணி 48 நிமிடம் 46 வினாடி. மிகுதி 11 நிமிடத்துக்குச் சற்றே மேல். சிறு பிழைதான், ஆனால் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். 325ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய சங்கத்தின் காலம் முதல் 1582 வரை 1257 ஆண்டுகள். 1257ஐ 128ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 10 வரும். போப் பதின்மூன்றாம் கிரகரி 1582இல் நீக்கிய நாட்களும் பத்தே. அக்டோபர் 4இல் உறங்கியவர் அக்டோபர் 15இல் விழித்தார்! இங்கிலாந்து இம்மாற்றத்தை 1752இல்தான் ஏற்றது. அதற்குள் வேறுபாடு 11 நாட்களாகியிருந்தது.

பழைய கணக்கை விடாத சபைகளுக்கு இன்று அவ்வேறுபாடு 13 நாட்கள். பழைய டிசம்பர் 25, நம் நாட்காட்டியில் ஜனவரி 7 ஆகிறது. ஆர்மீனியரின் பழைய ஜனவரி 6, ஜனவரி 19 ஆகிறது. 2100ஆம் ஆண்டு கிரகரி முறையில் லீப் ஆண்டு அன்று. ஆகவே 2101 முதல் இவை மேலும் ஒரு நாள் தள்ளிப்போகும். உக்ரைன் நாடு 2023இல் ஜனவரி 7ஐ விட்டு டிசம்பர் 25க்கு மாறியது. விழா நாளும் மாறக்கூடியதே என்பதற்கு இது நம் காலத்துச் சான்று.

குடிலும் மரமும்

குடிலுக்குப் பெயர் தெரிந்த ஒரு தொடக்கம் உண்டு. இத்தாலியில் கிரேச்சோ என்னும் மலையூரில் 1223ஆம் ஆண்டு அசிசி நகர் பிரான்சிஸ் தீவனத் தொட்டியில் வைக்கோல் இட்டு, உயிருள்ள எருதையும் கழுதையையும் அருகில் நிறுத்தி வழிபாடு நடத்தினார். அக்காலத்தில் வழிபாட்டு மொழி இலத்தீன். உழவர்க்கும் இடையர்க்கும் அது விளங்காது. விளங்காத மொழியில் கேட்டதை விளங்கும் கண்ணுக்குக் காட்டினார் அவர். எருதும் கழுதையும் நற்செய்தி நூல்களின் பிறப்புக் கதையில் இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் வரும் ஒரு வரியிலிருந்து வந்து சேர்ந்தவை. ஞானிகள் மூவர் என்ற எண்ணும் அப்படியே. மத்தேயு எண்ணிக்கை கூறவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்னும் மூன்று காணிக்கைகளைக் கொண்டு பிற்காலத்தார் மூவராக்கினர்.

மரம் ஜெர்மானிய மொழி பேசிய நாடுகளில் வளர்ந்தது. ஸ்ட்ராஸ்பர்க் நகர மக்கள் வீட்டுக் கூடத்தில் ஊசியிலை மரம் நிறுத்தி, வண்ணக் காகித ரோஜாக்கள், ஆப்பிள், அப்பம், சர்க்கரைப் பண்டம் ஆகியவற்றைத் தொங்கவிட்டதாக 1605ஆம் ஆண்டுக் குறிப்பு கூறுகிறது. டிசம்பர் 24 ஆதாம், ஏவாள் நாளாகும். அன்று நடைபெற்ற நாடகங்களில் ஏதேன் தோட்டத்தைக் குறிக்க ஆப்பிள் கட்டிய மரம் ஒன்றை நிறுத்துவர். அம்மரமே வீட்டுக்குள் வந்தது என்பது பலர் கருத்து. மார்ட்டின் லூதர் முதன்முதலில் மெழுகுவர்த்தி ஏற்றினார் என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. இங்கிலாந்தில் விக்டோரியா அரசி குடும்பத்தார் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848இல் ஒரு வார இதழில் வெளியான பின்னரே அது நடுத்தர மக்கள் வீடுகளில் பரவியது. 1882இல் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் 80 மின்விளக்குகளை ஏற்றினார். இன்று நம் கடைத்தெருவில் மினுக்கும் சரவிளக்குக்கு மூதாதை அதுவே.

விழாவுக்கே வந்த தடை

கிறிஸ்துமஸைத் தடை செய்தவர்கள் கிறிஸ்தவர்களே என்பது பலர் அறியாத செய்தி. வேதத்தில் இல்லாத விழா, குடியும் கூத்தும் மலிந்த விழா என்று பியூரிட்டன்கள் எனப்பட்ட தூய்மைவாதிகள் வாதிட்டனர். அவர்கள் கை ஓங்கியிருந்த இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647 ஜூனில் இவ்விழாவை ஒழித்தது. அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று காண்டர்பரி நகரில் கடையைத் திறக்கச் சொன்னபோது கலகம் மூண்டது. மன்னராட்சி திரும்பிய 1660இல்தான் விழாவும் திரும்பியது. கடல் கடந்த மாசசூசெட்சில் 1659 முதல் 1681 வரை கொண்டாடியவர்க்கு 5 ஷில்லிங் அபராதம்! ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958இல்தான்.

இதில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. விழாக்களை ஒழித்த அப்பாராளுமன்றமே, மாணவர்க்கும் தொழில் பழகுவோர்க்கும் வேலைக்காரர்க்கும் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை ஓய்வு நாளாக அறிவிக்க நேர்ந்தது. ஏன்? உழைப்பவனுக்கு விழா என்பது சமயம் மட்டுமன்று. ஆண்டில் அவனுக்குக் கிடைத்த சில ஓய்வு நாட்களுள் ஒன்று. அதைப் பறித்தவர் வேறொன்று கொடுத்தே ஆகவேண்டும். ரோமானியரின் சட்டர்னாலியா விழாவிலும், டிசம்பர் 17 தொடங்கிச் சில நாட்கள் எசமானர் அடிமைகளுக்கு விருந்து பரிமாறினர். விழா நாளில் மட்டும் மேலும் கீழும் சற்றே சமமாகும் ஆசை மனிதனுக்கு மிகப் பழையது போலும்.

1843: நாவலும் அட்டையும்

இன்று நாம் காணும் கிறிஸ்துமஸுக்கு உருக்கொடுத்த ஆண்டு ஒன்றைச் சொல்லச் சொன்னால் 1843 என்பேன். அவ்வாண்டு டிசம்பர் 19இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிறிஸ்துமஸ் கேரல்' வெளிவந்தது. அச்சிட்ட 6000 படிகளும் விழாவுக்குள் விற்றுத் தீர்ந்தன. டிக்கன்ஸின் தந்தை கடனுக்காகச் சிறை சென்றவர். அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் பூட்ஸ் மை ஆலையில் கூலி வேலை பார்த்தார். ஓர் எழுத்தருக்கு ஒரு நாள் விடுமுறை தர மனமில்லாத முதலாளியின் கதையை அவர் ஏன் எழுதினார் என்பது இதனால் விளங்கும்.

அதே ஆண்டில் லண்டனில் முதல் வாழ்த்து அட்டையும் பிறந்தது. ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு வரைவித்தார். நடுவில் குடும்ப விருந்து. இரு பக்கமும் ஏழைக்கு உணவும் உடையும் அளிக்கும் காட்சி. விலை ஒரு ஷில்லிங். ஏழையைப் பற்றிய அந்த அட்டை ஏழை வாங்கும் விலையில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1840இல் ஒரு பென்னி அஞ்சல் முறை வந்திராவிட்டால் அட்டை வழக்கம் வேரூன்றியிராது. அம்முறைக்கு உழைத்தவர்களுள் கோலும் ஒருவர்.

தாத்தாவின் கதை சுருக்கமானது. 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மைரா நகரின் ஆயர் நிக்கோலஸ். அவர் திருநாள் டிசம்பர் 6. டச்சுக்காரர் வாயில் அவர் 'சின்டர்கிளாஸ்' ஆகி, அமெரிக்காவில் 'சாண்டா கிளாஸ்' ஆனார். 1823இல் நியூயார்க் மாநிலத்துச் செய்தித்தாள் ஒன்றில் வந்த கவிதை அவருக்கு எட்டுக் கலைமான்களைக் கொடுத்தது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் வரைந்த படங்கள் அவருக்குத் தொந்தியையும் தாடியையும் நிலைநாட்டின. சிவப்பு உடையைக் கொக்கோ கோலா நிறுவனம் தந்தது என்பர் சிலர். அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற விளம்பரப் படங்கள் 1931இல் தொடங்கின. சிவப்பு உடை அதற்கு முன்பே இருந்தது.

நெசவாளி மகனின் பாட்டு

'சைலண்ட் நைட்' என்று உலகம் பாடும் பாட்டைத் தமிழிலும் பாடுகின்றனர். இப்பாட்டு முதன்முதலில் ஒலித்தது 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில். உப்புப் படகு ஓட்டுவோர் வாழ்ந்த ஆற்றங்கரை ஊர் அது. சொற்களை 1816இல் எழுதியவர் இளம் பாதிரியார் ஜோசப் மோர். மணமாகாத ஏழைத் தாய்க்குப் பிறந்தவர். இசையமைத்தவர் பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் குரூபர். நெசவாளி வீட்டுப் பிள்ளை. ஆர்கன் இல்லாமல், கிதார் மீட்டி இருவரும் பாடினர். நெப்போலியன் போர்கள் ஓய்ந்து, தம்போரா எரிமலை வெடிப்பின் விளைவாக 1816இல் கோடையே இன்றி விளைச்சல் பொய்த்திருந்த காலம் அது. அமைதியைப் பற்றிய பாட்டு அத்தகைய ஆண்டில் எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது.

பாட்டு பரவியது, ஆனால் பாட்டைத் தந்தவர் பெயர் பரவவில்லை. ஹைடன் போன்ற பேரிசைவாணர் இயற்றியிருக்கக்கூடும் என்று கூடப் பேசினர். மோர் 1848இல் வறியவராகவே மறைந்தார். 1854இல் பெர்லின் அரசவை இசைக்குழுவினர் விசாரித்தபோதுதான், குரூபர் தம் கைப்பட விளக்கம் எழுதினார். 1995இல் வெளிவந்த மோரின் கையெழுத்துப் படியும் இசை குரூபருடையதே என்பதை உறுதி செய்தது. நெசவாளி மகனால் இவ்வளவு நல்ல இசையைத் தர இயலுமா என்னும் ஐயம் உலகெங்கும் ஒன்றுதான்!

வகுப்பறையில் பிறந்த நட்சத்திரம்

வாசலில் தொங்கும் நட்சத்திரங்களுள் மிகப் புகழ்பெற்றது ஒரு கணித வகுப்பில் பிறந்தது. ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவியச் சபையார் நடத்திய விடுதிப் பள்ளியில், 1830களில், வடிவியல் பாடத்துக்கான பயிற்சியாக மாணவர் இதைச் செய்தனர். 18 சதுர முகங்களும் 8 முக்கோண முகங்களும் கொண்ட ஒரு கனவடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 26 முகங்கள். தொங்கவிடுவதற்காக ஒரு சதுர முகத்தை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொரு முகத்தின் மீதும் ஒரு கூம்பு வடிவக் காகிதக் கதிரை ஒட்டினால் 25 கதிர்கள் கிடைக்கும். நடுவே விளக்கு. அவ்வளவே. பின்னர் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் அது கைத்தொழிலாயிற்று.

மொரேவியர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து சில பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கள். ஆனால் அவர்கள் நீங்கிய பின்னரே இந்நட்சத்திரம் பிறந்தது. ஆதலின் நம் தெருக் காகித நட்சத்திரத்தை அவர்கள் நேரே கொண்டுவந்தனர் என்று கூற இடமில்லை. ஆண்டுக் கணக்கைப் பார்க்காமல் கதை கட்டினால் இப்படிப்பட்ட இடத்தில்தான் வழுக்கி விழுவோம்.

தமிழ் நாட்டார் இவ்விழாவைத் தம் இலக்கிய மரபிலேயே ஏற்றுக்கொண்டனர். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் சூசையப்பரைத் தலைவராக்கித் தேம்பாவணி பாடினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி இயற்றினார். பெத்லகேம் ஊரைக் குறத்தியின் வாயிலாகக் காட்டுதல் தமிழ்க் கற்பனைக்கே உரியது.

மெழுகுவர்த்தி ஒன்று

இயற்பியல் மாணவனாகிய எனக்கு மிகவும் பிடித்த கிறிஸ்துமஸ் வழக்கம் வேறொன்று. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825இல் இளைஞர்க்கான கிறிஸ்துமஸ் அறிவியல் சொற்பொழிவுகள் தொடங்கின. இரண்டாம் உலகப் போர் ஆண்டுகள் சில நீங்கலாக இன்றுவரை தொடர்கின்றன. இவற்றைத் தொடங்கிய மைக்கேல் ஃபாரடே தாமே 19 முறை சொற்பொழிவுத் தொடர் ஆற்றினார். ஒரே ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு, எரிவது மெழுகின் ஆவி என்பதையும், சுடரிலிருந்து நீர் பிறப்பதையும், நம் மூச்சும் ஒருவகை எரிதலே என்பதையும் அவர் காட்டினார். மின்சாரம் போன ஓர் இரவில் நானும் மெழுகுவர்த்தியை அணைத்து, எழும் புகையில் தீக்குச்சியைக் காட்டினேன். திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பற்றிக்கொண்டது.

ஃபாரடே கொல்லரின் மகன். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்து, கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆதலின் அவர் ஏற்றிய வர்த்தி எனக்குச் சற்று அருகில் எரிவதாகத் தோன்றுகிறது.

வழக்கம் என்னும் சொல்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். குடிலுக்கு 1223, மரத்துக்கு 1605ஆம் ஆண்டுக் குறிப்பு, பாட்டுக்கு 1818, அட்டைக்கு 1843, மின்விளக்குக்கு 1882. வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. ஓர் ஊரில், ஓர் ஆண்டில், ஒரு மனிதர் ஒரு தேவைக்காகச் செய்தவை இவை. பிறந்த ஆண்டு தெரிந்துவிட்டதால் இவை பொய்யாகிவிடுமா? ஆகா. நெசவாளி மகன் அமைத்தது என்று தெரிந்த பின் அப்பாட்டு எனக்கு முன்னிலும் இனிதாகக் கேட்கிறது. நம்புகிறவரின் நம்பிக்கையும் நாட்காட்டியின் கணக்கால் குலைவதன்று.

ஆனால் வேறொரு படிப்பினை உண்டு. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம். எங்கள் பாட்டியின் திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண்ணை அழைத்துச் சென்றனர். என் அக்காளின் திருமணத்தில் நாங்கள் கடன் வாங்கி நகையும் வண்டியும் கொடுத்தோம். ஒரே குடும்பம், இரண்டே தலைமுறை, முறை தலைகீழாயிற்று. இரண்டு முறையும் பெரியவர்கள் சொன்ன காரணம் ஒன்றே: "முன்னோர் வைத்த வழக்கம்."

எந்த முன்னோர்? எந்த ஆண்டில்? யாருக்காக? கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பார்த்துக் கேட்ட அதே வினாக்களை நம் வீட்டு வாசலிலும் கேட்போம். எளியவனுக்கு ஓய்வும், குழந்தைக்கு மகிழ்ச்சியும், அண்டை வீட்டுக்குப் பலகாரமும் தருகிற வழக்கம் எந்த வினாவையும் தாங்கி நிற்கும். ஒரு குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும் வழக்கம் தாங்காது. தாங்காததை விட்டுவிடும் துணிவு, படிக்க வந்த நமக்கு வேண்டும்.